டாக்டர் கையை விரிக்கவில்லை

தைப்பிங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அனைவரும் நலமா என்று வழக்கம்போல் கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நேற்று இரவு போனிலேயே எல்லாம் தெரிந்துவிட்டதே. “டாக்டர் கைய விரிச்சிட்டாரா அத்தை?” என்று நீ கேட்டபோது பின்னால் சம்பந்தியம்மா அழும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், உன் சின்னவன் தம்பிக்குக் குழாயில் பால் இறக்கிக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்துவிட்டு மூடிவிடுவாய். மாப்பிள்ளை படிக்கவே மாட்டார். அதனால்தான் காகிதம் எடுத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். பிறகு சம்பந்தியம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

கேள்விக்குப் பதில் முதலில். இல்லை, விரிக்கவில்லை. கையை விரிக்கிற டாக்டர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் வார்டில் நர்ஸ் மிஸியாக இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். ஃபைலை மூடுவார், “வீட்டுக்குக் கூட்டிப் போய் நல்லா பார்த்துக்குங்க” என்பார், அடுத்த தேதி தரமாட்டார். உன் டாக்டர் அடுத்த தேதி கொடுத்தார், வலிப்பு மருந்தை மாற்றி எழுதினார், அதோடு வலி தணித்துப் பராமரிக்கும் பாலியேட்டிவ் குழுவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று உங்களிடம் கேட்டார். தன்னை விட்டுவிட்டு அங்கே போகச் சொல்லவில்லை. இன்னும் சில கைகள் வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நம் வீட்டில் ஏன் பயப்படுகிறோம் என்பதும் புரிகிறது. உன் பெரியப்பாவுக்குப் புற்றுநோய் முற்றி, படுத்த படுக்கையான பிறகுதான் இதே பராமரிப்பைத் தரும் ஹோஸ்பிஸ் மிஸிகள் வீட்டுக்கு வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் ஹோஸ்பிஸ் என்றாலே பாடை கட்டுகிற நினைப்பு. பெரியவர்கள் விஷயத்தில் இப்படித்தான் காலம் கடந்து கூப்பிடுகிறோம், பிறகு வந்தவர்கள் மேல் பழி போடுகிறோம். பிள்ளைகள் கணக்கு வேறு. குழந்தைகளுக்கான இந்தப் பராமரிப்பு நோயைக் கண்டுபிடித்த அன்றே தொடங்க வேண்டும், நோய்க்கான வைத்தியம் ஒரு பக்கம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1998-லேயே சொல்லிவிட்டது. புற்றுநோய்க்கு மட்டும் உள்ளதும் அல்ல. தம்பிக்கு இருப்பதுபோல் மூளை நரம்பு தேயும் வியாதி, தசை வலுவிழக்கும் வியாதி, பிறவி இதயக்கோளாறு, மரபணுக் கோளாறு எல்லாம் இதில் அடக்கம். அதில் பல பிள்ளைகள் வருடக்கணக்கில் இருக்கும் பிள்ளைகள். இருக்கிற வருடங்களை எப்படி இருக்க வைப்பது என்பதுதான் அந்தக் குழுவின் வேலை.

இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டில். ஹெலன் என்று இரண்டு வயதுப் பெண். மூளையில் கட்டி. அறுவை செய்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு பகலாகப் பார்த்தார்கள். ஃபிரான்சஸ் டொமினிக்கா என்ற கன்னிகாஸ்திரீ அவர்களோடு பழகி, பெற்றோர் இளைப்பாறட்டும் என்று பிள்ளையைக் கொஞ்ச நாள் கேட்டு வாங்கித் தம் மடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 1982-இல் திறந்த ஹெலன் ஹவுஸ், உலகத்தின் முதல் குழந்தைகள் ஹோஸ்பிஸ். ஒரு தாயைத் தூங்க வைப்பதற்காகத் தொடங்கியது, பாப்பா. இதைச் சம்பந்தியம்மாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டு.

பாலியேட்டிவ் குழுவினர் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டாய். ஊசி, மருந்துப் பெட்டி என்று எதிர்பார்க்காதே. போக்கோ அசாமில் ஒரு வீட்டுக்கு ஒரு மிஸியோடு துணைக்குப் போயிருந்தேன். அங்கேயும் நடக்க முடியாத, பேச முடியாத பையன். அந்தப் பெண் உள்ளே வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூனைக்கு என்ன பேர் என்று கேட்டாள். அம்மாக்காரி சொல்லச் சொல்ல, இவள் கை மட்டும் பையனின் குதிகாலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் சிவந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் சிவப்பு திரும்பினால் இன்னும் சமாளிக்கலாம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெளுத்தது. காலுக்குக் கீழே துண்டை மடித்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்தாள். எத்தனை மணிக்கு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று சுவரில் காகிதம் ஒட்டினாள். பிறகுதான், “நீங்க எப்ப தூங்குறீங்கக்கா?” என்று கேட்டாள். அந்த அம்மா அதற்குத்தான் அழுதாள்.

தம்பி ராத்திரி இரண்டு மணிக்கு அழுவதைப் பற்றிச் சொன்னாய். “அவனுக்கு அது பழக்கம்” என்று யாரோ சொன்னார்களாம். பேச வராத பிள்ளை அழுதால் அதைப் பழக்கம் என்று சொல்லிவிடுவது சுலபம். மலச்சிக்கலாக இருக்கலாம், நெஞ்செரிச்சலாக இருக்கலாம், தசை இறுகி இழுப்பதாக இருக்கலாம், இடுப்பு மூட்டு நழுவி வலிப்பதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வார்டில் நாங்கள் ஐந்து விஷயம் பார்ப்போம்: முகம் சுளிக்கிறதா, கால் உதைக்கிறதா அல்லது விறைக்கிறதா, உடம்பு நெளிகிறதா, அழுகை எப்படி, தூக்கி அணைத்தால் அடங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவோம். நீயும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுது. மணி, அழுத நேரம், அதற்கு முன்னால் என்ன பால் இறக்கினாய், கடைசியாக வெளிக்கு எப்போது போனான், எப்படிப் படுக்க வைத்திருந்தாய். ஒரு வாரம் எழுதினால் போதும். டாக்டர் பத்து நிமிஷத்தில் பார்ப்பதைவிட அந்த நோட்டில் அதிகம் இருக்கும்.

மார்ஃபின் பேச்சு வந்தால் பயந்து எழுந்துவிடாதே. தம்பிக்கு இப்போது அது தேவையா என்பதே டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் எப்போதாவது சொன்னால், “அது கொடுத்தா அவ்வளவுதான்” என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்காதே. வாயில் கொடுக்கிற திரவமாக, எடைக்குத் தகுந்த அளவில், மில்லிலிட்டர் சிரிஞ்சில் அளந்து கொடுக்கிற மருந்து அது. அளவாகக் கொடுத்தால் உயிரை எடுக்காது, பிள்ளையை அடிமையாகவும் ஆக்காது. மூச்சுத்திணறலுக்குக்கூடக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்குக் கூடவே மருந்து எழுதச் சொல். எந்த மருந்தையும் கரண்டியில் அளக்காதே. நம் வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடந்தால் டிரெஸ்ஸர் கொடுக்கிற மிக்ஸ்சர்தான். லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை கத்தினால் பத்து வீட்டுக்கும் கேட்கும், ஆனால் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போயாக வேண்டும், அதனால் கேட்காததுபோல் இருப்பார்கள். எங்கள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வலியைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்கிற எண்ணம் நமக்கு அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அதை நீ சுமக்க வேண்டாம்.

சரி, எப்படிப் போய்ச் சேர்வது? இங்கேதான் உன்னிடம் மறைக்காமல் பேச வேண்டும். கோலாலம்பூரில் இருந்தால் வழி நேராக இருந்திருக்கும். அங்கே துங்கு அசிசா மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே பாலியேட்டிவ் நிபுணர்கள் இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் உண்டு. 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா வீடு தேடி வரும், காசு வாங்காது, பிள்ளைகளையும் பார்க்கும், ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கோடு சரி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உன் கூடப்பிறந்த தம்பி அங்குள்ள வசதியைப் பற்றிச் சொன்னானாமே, அது உண்மைதான். ஸ்டார் பால்ஸ் என்று 2012-லிருந்து பிள்ளைகளுக்கென்றே வீட்டுக்கு வரும் குழு அங்கே இருக்கிறது. அதைக் கேட்டு நீ ஏங்க வேண்டாம். நம் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2030 வரைக்கும் என்று தேசியப் பாலியேட்டிவ் கொள்கை போட்டிருக்கிறது. ஆனால் கொள்கை புத்ராஜெயாவிலிருந்து உங்கள் செலாமா வந்து சேர்வதற்குள் தம்பிக்கு மீசை முளைத்துவிடும். இங்கே இருப்பதை வைத்துத்தான் நாம் கட்ட வேண்டும்.

இங்கே இருப்பது இதுதான். தைப்பிங் ஆஸ்பத்திரிக் குழந்தை டாக்டர்தான் உன் நடுக்கம்பம். அவரை விட்டுவிடாதே. மற்ற எல்லாம் அவர் எழுதுகிற கடிதத்தில்தான் நடக்கும். பெரிய பரிசோதனை என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் அல்லது பினாங்குக்கு அனுப்புவார். கோலாலம்பூர் குழந்தைப் பாலியேட்டிவ் நிபுணரிடம் அவரே பேசி மருந்தைச் சரிசெய்ய முடியுமா என்று கேள். டாக்டரும் டாக்டரும் போனில் பேசி முடிக்க வேண்டிய விஷயத்துக்காகத் தம்பியைத் தூக்கிக்கொண்டு பல மணி நேரம் காடியில் போக வேண்டாம். இது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. நம் ஆட்கள் டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

அடுத்து, தைப்பிங் பாலியேட்டிவ் சங்கம். நம் ஊரிலேயே இருக்கிறது. ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் சங்கம் இருக்கிறது. இவர்கள் பெரும்பாலும் பார்ப்பது பெரியவர்களை, அதுவும் புற்றுநோய்க்காரர்களை. தம்பி வயதுப் பிள்ளையை ஏற்பார்களா, செலாமா வரை வர முடியுமா என்று நேரில் போய்க் கேட்போம், நான் கூட வருகிறேன். டாக்டர் கடிதம் கையில் இருந்தால் பேச்சு சுலபம். இந்த மாதிரிச் சங்கங்கள் பலவற்றில் கட்டில், ஆக்ஸிஜன் இயந்திரம், சளி உறிஞ்சும் இயந்திரம் இரவல் கிடைக்கும். ஆகவே கடனுக்கு எதையும் வாங்கிவிடாதே என்று மாப்பிள்ளையிடம் சொல். மூன்றாவது, உங்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக். படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் டொமிசிலியாரி சேவை என்று பல கிளினிக்குகளில் இருக்கிறது. குழாய் மாற்றுவது, புண் கட்டுவது, கைகால் பயிற்சி சொல்லிக் கொடுப்பது இதெல்லாம் அதில் வரும். உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டு, அங்கிருந்தே பதியச் சொல். நீயாகப் போய் நின்றால் அலைய விடுவார்கள்.

பணத்தைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை, ஆனால் மாப்பிள்ளை பாக்டரியில் ஓவர்டைம் எடுப்பதை விட்டுவிட்டார் என்று உன் அம்மா சொன்னாள். முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை. டாக்டர் பாரத்தில் கையெழுத்துப் போடுவார், சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். அந்த அட்டை இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டு, சிகிச்சைக் கட்டணம் இல்லை. அதே இலாகாவில், படுக்கையில் இருக்கும் ஓகேயூவைப் பார்த்துக்கொள்பவருக்கு மாத உதவி இருக்கிறது. 2021-இல் அதை 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக ஆக்கினார்கள். வருமான வரம்பு பார்ப்பார்கள், வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், மாதங்கள் ஆகும். ஆகவே இந்த மாதமே மனு போடு. பிச்சை கேட்பதுபோல் இருக்கிறது என்று மாப்பிள்ளை கூச்சப்பட்டால் என்னிடம் பேசச் சொல். ஆஸ்பத்திரியிலேயே மருத்துவச் சமூகப் பணியாளர் அலுவலகம் இருக்கிறது. பால் மாவு, டயப்பர், இயந்திரம் என்று எதற்கு வழியில்லையோ அங்கே போய்ச் சொல்லலாம். அவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது காகிதம்தான். தம்பியின் பிறப்புப் பத்திரம், மைகிட், உங்கள் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வை. நம் தோட்டத்து ஜனங்களில் எத்தனையோ பிள்ளைகள் பத்திரம் சரியில்லாமல் வெளிநாட்டார் கட்டணம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதற்கே சாமிக்கு நன்றி சொல்.

இன்னொரு காகிதமும் வேண்டும். தம்பியின் நோய், அவன் சாப்பிடும் மருந்துகள், வலிப்பு வந்தால் முதலில் என்ன செய்வது, எது அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று குழந்தை டாக்டரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கு. நடு ராத்திரி எமர்ஜென்சியில் இருப்பவர்களுக்குத் தம்பியைத் தெரியாது. நீ பதறிக்கொண்டு மலாயில் விளக்குவதற்குள் நேரம் போய்விடும். அந்தக் காகிதத்தில் இன்னொரு விஷயமும் வரும். மூச்சு ரொம்பச் சிரமப்பட்டால் குழாய் போட்டு இயந்திரத்தில் வைப்பதா வேண்டாமா என்று டாக்டர் ஒரு நாள் கேட்பார். உடனே பதில் சொல்ல வேண்டாம். சொன்ன பதிலை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பேச்சு அமைதியான ஒரு பகலில், நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருக்கும்போது நடக்கட்டும், எமர்ஜென்சி வாசலில் வேண்டாம். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. அப்படி என்றால் கடைசியில் இறுதிச் சடங்குக்குப் பெர்மிட் வாங்குவது வரைக்கும் காரியம் இருக்கிறது. முன்கூட்டியே குழுவின் பராமரிப்பில் இருந்தால் அதற்கான கடிதத்துக்கும் வழி சொல்வார்கள். இதை ஒரு தடவை எழுதிவிட்டேன். நீ கேட்கும் வரை இனி நானாக எடுக்க மாட்டேன்.

உன் பெரிய மகளைப் பற்றி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை கூப்பிட்டு அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி என்று சொன்னார்களாமே. அவளிடம் யாராவது தம்பியின் நோயைப் பற்றி உட்கார்ந்து பேசினீர்களா? இந்த வயதுப் பிள்ளைகள், நாம் தம்பியைத் திட்டினோம், அதனால்தான் இப்படி ஆச்சு என்று தங்களுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ளும். வார்டில் ஒரு அக்கா என்னிடமே அப்படிக் கேட்டிருக்கிறாள். இது யாருடைய தப்பும் இல்லை, இது ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை, தம்பிக்கு வலிக்காமல் பார்க்க டாக்டர்கள் இருக்கிறார்கள், இந்த மூன்றையும் அவளிடம் சொல். பொய் சொல்லாதே. பள்ளி லீவில் ஒரு வாரம் இங்கே அனுப்பி வை. நான் லேக் கார்டனுக்குக் கூட்டிப் போகிறேன், சூவுக்கும் போகலாம். அந்த ஒரு வாரமாவது அவள் யாருக்கும் அக்காவாக இல்லாமல் இருக்கட்டும்.

நேர்த்திக்கடன் விஷயத்தில் சம்பந்தியம்மாவோடு சண்டை போடாதே. விரதம் இருக்கட்டும், விளக்குப் போடட்டும், அது அவருக்குத் தெம்பு. ஆனால் வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு மூலிகை கொடுக்கலாம் என்று சொல்கிறாரே ஒரு சாமியார், அவரை வாசற்படி ஏற விடாதே. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. இதை நான் சொன்னதாகவே சொல். என் மேல் கோபப்பட்டால் பரவாயில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் மாற்றி மாற்றி விழித்திருப்பதாகச் சொன்னாய். சனிக்கிழமை இரவு நான் அங்கே வந்து தம்பியோடு இருக்கிறேன். குழாயில் பால் இறக்குவதும் சளி எடுப்பதும் எனக்குப் புதிதில்லை. நீ அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படு. வேண்டாம் அத்தை என்று ஆரம்பிக்காதே, பஸ்ஸுக்குக் கொண்டுவிட ஏற்கெனவே உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை அப்பாயின்மென்ட் எட்டு மணிக்குத்தானே? ஜாலான் தாமிங் சாரியில் காடி நிறுத்த இடம் கிடைக்காது. மாப்பிள்ளை உங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போகட்டும், நான் அங்கேயே நிற்பேன். நோட்டையும் ஃபைலையும் மறக்காமல் எடுத்து வா. டாக்டர் மறுபடி கேட்க வேண்டியதில்லை, நீயே முதலில் சொல்லிவிடு: “பாலியேட்டிவுக்கு எழுதிக் கொடுங்க டாக்டர், நாங்க தயார்.”

அன்புடன்,
உன் பெரியத்தை